ஒரு முகமூடி, இரண்டு மூக்கு

பச்சை விளக்கு விழுந்தும் பேருந்து நகரவில்லை. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பது பயணிகள் கூச்சல் போட்டு எழுப்பினார்கள். மறுநாளே பணிமனையில் அவரை வண்டியிலிருந்து இறக்கி மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள்.

தூக்கத்தில் அவருக்கு மணிக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்று சோதனையில் தெரிந்தது. மருத்துவர் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவியைக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கில் மாட்டும் முகமூடி. மூச்சு அடைபட்டால் காற்றழுத்தத்தைத் தானே கூட்டும். எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதைத் தினமும் மருத்துவமனைக்கு அனுப்பியும் விடும்.

“பழைய மிஷினை ஏமாத்தலாம். இதுகிட்ட நடக்காது. ஒரு மாசம் ஒழுங்கா போட்டீங்கன்னா, வண்டி ஓட்டக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார்.

முதல் நாளே ஓட்டுநர் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். “தும்பிக்கையை மாட்டிக்கிட்டு மனுஷன் தூங்குவானா?”

அவர் மனைவி சீருடை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். கணவர் வீட்டோடு இருந்த இரண்டு வாரத்தில் அவளுக்கு உயிரே போயிருந்தது. சமையலறைக்குள் நடந்தால்கூட, “லெஃப்ட்ல ஒதுங்கிப் போ” என்பார்.

“மிஷினுக்கு மூக்குதானே வேணும்? அதுல உங்க பேரா எழுதியிருக்கு?” என்று சொல்லி அவளே மாட்டிக்கொண்டாள்.

இருபது வருடமாகக் காலையில் தலைவலியோடுதான் எழுவாள். கணவரின் குறட்டைதான் காரணம் என்று திட்டாத நாளில்லை. இப்போது குறட்டை அப்படியே இருந்தது. தலைவலி மட்டும் போயிருந்தது.

மாதம் முடிந்து இருவரும் மருத்துவரிடம் போனார்கள். அவர் திரையைப் பார்த்து வியந்தார். “ஒரு நாள்கூடத் தவறல. சபாஷ்! ஆனா நான் நினைச்சதைவிட மிஷின் ரெண்டு மடங்கு அழுத்தம் குடுத்திருக்கு. இப்ப உடம்பு எப்படி இருக்கு?”

ஓட்டுநர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “தலை பஞ்சு மாதிரி இருக்கு டாக்டர். ஊசியில நூலை ஒரே தடவையில கோத்துடறேன்.”

“நூலா? பஸ் ஓட்ட நூல் எதுக்கும்மா?”

ஓட்டுநர் கூரையைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மருத்துவர் கோபப்படவில்லை. கையெழுத்துப் போட எடுத்த படிவத்தைத் திரும்ப மேசைக்குள் வைத்தார். “நாளைக்கு இவர் ஓட்டற பஸ்ல நீங்க ஏறுவீங்களா?”

அவள் கணவரைப் பார்த்தாள். சற்றுமுன் வெளியே நாற்காலியில்கூட வாயைப் பிளந்து தூங்கியவர். “மாட்டேன்” என்றபோது அவளுக்குக் கண் கலங்கியது. எத்தனை பேரைக் கொல்லப் பார்த்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவளையும் சோதித்தார்கள். மணிக்கு நாற்பத்தொன்று!

ஓட்டுநருக்குத் தலைகால் புரியவில்லை. “என் குறட்டையைச் சொன்னியே! உன்னுது என்னைவிட டபுளு!” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் சட்டென்று சிரிப்பு நின்றது. பக்கத்தில் படுத்தவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது இருபது வருடத்தில் ஒரு நாளும் தனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது.

இரண்டாவது கருவி வந்தது. அவள்தான் அவருக்கு முகமூடிப் பட்டையை இறுக்கிவிட்டாள். எட்டு நாள் முனகினார். ஒன்பதாம் நாள் முனக மறந்து தூங்கிப்போனார். அடுத்த மாதம் வண்டி கிடைத்தது.