பச்சைப் பொத்தான் எந்தப் பக்கம்

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஃபோன் கம்பெனிக்காரர்கள் மேடை போட்டு, செப்டம்பரில் வரப்போகும் மாற்றங்களைக் காட்டுவார்கள். கூட்டம் கைதட்டும். பெருங்குடியில் எங்கள் ஆபீசில் யாரும் கைதட்ட மாட்டோம், எங்களுக்கு அது வேலை. டாக்டரிடம் வீடியோவில் பேசுவதற்கு ஒரு செயலி நடத்துகிறோம். அதன் திரைகளை வரைவது என் பொறுப்பு. ஜூனில் வெளியாகும் முன்னோட்டத்தை ஒரு பழைய ஃபோனில் ஏற்றி, எந்தப் பொத்தான் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, செப்டம்பருக்குள் எங்கள் திரைகளையும் அதற்கேற்ப மாற்றிவிட வேண்டும். பதினொரு வருடமாக இதையே செய்கிறேன். 'ஃபிரெட்ரிக்கைக் கேளு, அடுத்த வருஷம் என்ன வரும்னு சொல்லுவான்' என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போகும்.

இந்த வருடம் நகர்ந்தது, அழைப்பை எடுக்கும் பொத்தான். இத்தனை வருடமும் வலது பக்கம் பச்சை, இடது பக்கம் சிவப்பு. முன்னோட்டத்தில் எடுக்கும் பொத்தான் இடது பக்கத்துக்குப் போய்விட்டது. நிறத்தையும் உருவிவிட்டார்கள். இரண்டு பொத்தான்களும் ஈரக் கண்ணாடி போல ஒரே மாதிரி மின்னின. யார் இதைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. எங்கள் செயலியில் பதினான்கு திரைகள் மாற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அம்மா நினைவு வந்தது.

அம்மா பெயர் அல்போன்சா. சாந்தோமில் சர்ச்சின் பங்குப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சர். போன வருடம் வந்த பக்கவாதம் கை கால்களை விட்டுவிட்டு எழுத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. படிக்க முடியாது. பேச்சும் இரண்டு சொல், மூன்று சொல்லாக உடைந்து வரும். புத்தி மட்டும் அப்படியே இருந்தது. மீன்காரம்மா எடையில் கை வைத்தால் அம்மாவின் புருவம் உயர்ந்துவிடும். அந்தப் புத்தியை நம்பித்தான் மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார்.

நானும் என் மனைவி கரோலும் எங்களோடு வந்துவிடச் சொன்னோம். எங்களுடையது ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வரும், கூடவே குப்பைக் கிடங்கும் வரும். அம்மா ஒரு தடவை வந்து மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் காலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "கோயில்... எங்க?" என்றார். நடந்து போகிற தூரத்தில் இல்லை என்றதும் சாந்தோமுக்கே திரும்பிவிட்டார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அதை வகுத்தவரும் அம்மாதான். காலைப் பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும், ஏழரை மணிக்கு நான் ஃபோன் செய்வேன், அவர் எடுக்க வேண்டும். "மூணு தடவ," என்று விரலைக் காட்டினார். "எடுக்கல... உங்க வீடு... வந்துடறேன்." பத்து மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை.

"அந்த ஃபோன்ல அப்டேட்ட ஆஃப் பண்ணி வெச்சிடேன், முடிஞ்சிது," என்றாள் கரோல்.

"எத்தன வருஷத்துக்கு? ஒரு நாள் மாறித்தானே ஆகணும். இப்பவே பழக்கிட்டா செப்டம்பர்ல அவங்களுக்குத் தெரியக்கூட தெரியாது."

புத்திசாலித்தனமாகத்தான் பேசினேன். என் முன்னோட்ட ஃபோனில் அம்மாவின் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய பழைய ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டேன். ஜூலை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தோமுக்குப் போய், சமையலறையில் நின்றுகொண்டு முன்னறையில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் அடிப்பேன்.

"நிறத்தப் பாக்காதீங்க மம்மி. இனிமே நிறமே கெடயாது. இடம்தான். இடது பக்கம்."

முதல் நாள் இருபது தடவையில் மூன்றுதான் சரி. கை தன்பாட்டுக்கு வலது பக்கம் போனது. அடுத்த ஞாயிறு போனபோது அம்மா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, வலது கையில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பூசைப் பொருள் இருக்கும் கையால் ஃபோனைத் தொட அவருக்கு மனம் வராது. ஆக இடது கைதான் போகும், இடது பக்கம்தான் போகும். கீழ்ப் போர்ஷன் ஜெயபாரதி அக்காவை தினமும் ஃபோன் அடிக்கச் சொல்லி, நோட்டில் நாளுக்கு இருபது கோடு போட்டு, சரியானதற்கெல்லாம் டிக் அடித்திருந்தார். அந்த மாதத்தில் இரண்டு காலை மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தார். மூச்சு வாங்கியபடி "ஆங்... ஆங்" என்றார். ஆகஸ்ட் நடுவில் ஜெபமாலை தேவைப்படவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார். நான் ஆபீசில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் முதல் வாரம் கம்பெனி மனம் மாறிவிட்டது. உலகம் முழுக்கத் திட்டியிருக்கிறார்கள். பச்சை மறுபடியும் வலது பக்கம், சிவப்பு இடது பக்கம் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மாற்றிய பதினான்கு திரைகளையும் திருப்பி மாற்றினோம். ஒவ்வொன்றையும் நானே இரண்டு முறை சோதித்தேன். அந்த ஒன்பது நாளில் ஒருமுறைகூட எனக்கு அம்மாவின் ஃபோன் ஞாபகம் வரவில்லை. இதற்குச் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

புதிய பதிப்பு செவ்வாய் இரவு வெளியானது. அம்மாவின் ஃபோன் தானாகவே அதை ஏற்றிக்கொண்டிருக்கிறது. புதன் ஏழரைக்கு அடித்தேன். இரண்டு மணி ஒலித்துக் கட் ஆனது. மறுபடி அடித்தேன், கட். மூன்றாவது தடவை ஒரே மணியில் கட். கட் செய்ய ஒரு விரல் வேண்டும், அதனால் உயிரோடு இருக்கிறார் என்று புரிந்தது. மற்றது புரியவில்லை. கீழ்ப் போர்ஷன் ஜெயபாரதி அக்காவுக்கு அடித்தேன். "இப்பதான் கோயில்லேர்ந்து வந்தாங்க, நல்லாத்தான் கீறாங்க," என்றார். உடனே ஆட்டோ பிடித்தேன்.

அடையாறு சிக்னலில் நிற்கும்போது கரோல் அழைத்தாள். திரையில் வலது பக்கம் பச்சை. கட்டைவிரலை அதன்மேல் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா தவறவில்லை. நான் ஆறு வாரம் சொல்லிக்கொடுத்த இடத்தில், பழகிய கையால், மூன்று தடவையும் சரியாக அமுக்கியிருக்கிறார். எதிரே பச்சை தெரிந்திருக்கும். நிறத்தைப் பார்க்காதே என்று சொன்னவன் நான்.

"இன்னா ஆச்சு? எடுத்தாங்களா?" என்றாள் கரோல்.

"இல்ல. மூணு தடவையும் எடுக்கல."

"அப்ப கூட்டினு வந்துடு. பாவம், எத்தன நாளைக்குத்தான் தனியா இருப்பாங்க. ரூம் ரெடியாத்தான் இருக்கு."

"சரி," என்றேன். அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். பாலத்தைத் தாண்டும்வரை எனக்குள் பரவியது என்ன என்று பார்த்தேன். நிம்மதி. நாளையிலிருந்து ஏழரைக்கு மணி ஒலிப்பதை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். அதற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"வெய்ட் பண்ணவா சார்?" என்றார் ஆட்டோக்காரர். இருக்கச் சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

அம்மா பூசைக்குக் கட்டிய சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பழுப்பு நிறப் பை, ஜிப் போட்டாயிற்று. சுவரில் மாதா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அடுப்பு துடைத்திருந்தது, பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஐம்பது நிமிடத்தில் அத்தனையையும் முடித்திருந்தார். வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான், அம்மாவிடம் அதில் பேரமே கிடையாது.

என்னைப் பார்த்ததும் மூன்று விரலைக் காட்டினார். பிறகு மேசையில் இருந்த ஃபோனைக் காட்டி, இடது கையை விரித்துப் பார்த்தார், வலது கையையும் விரித்துப் பார்த்தார். இரண்டில் எது எது என்று தெரியாதவர் போலிருந்தார்.

"நேத்து... வந்துச்சு. இன்னிக்கி..." என்று நிறுத்தினார். நெற்றியில் ஒரு விரலை வைத்துத் தட்டினார். "இது... போச்சா, ஃபிரெட்டி?"

அதற்கான பதில் ஒரே வரி. நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க, மாறினது ஃபோன். அதைச் சொன்னால் பை பிரியும், படம் ஆணிக்குப் போகும், மறுபடி ஆறு வாரம் பழக வேண்டும், நாளைக் காலை ஏழரை மணி மறுபடி வரும். வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விடைத்தாளைத் திருப்பி வாங்க நிற்கும் பிள்ளையின் பார்வை அது.

"பரவால்ல மம்மி," என்றேன். "வாங்க, போலாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினேன். கால்களில் எந்தக் குறையும் இல்லாத அம்மா, கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று எனக்குப் பின்னால் இறங்கி வந்தார்.