சாமி இல்லாத மலை

அமர்நாத் வாங்கி வைத்திருந்த முதுகுப்பை இருக்கிறதே, அதற்குள் பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருவில் பாதியை மடித்து வைத்துவிடலாம். மீதிப் பாதியைப் பக்கவாட்டுப் பைகளில் சொருகலாம். கஞ்சிக்கோட்டில் வால்வு செய்கிற தொழிற்சாலையில் அவன் பரிசோதகன். நாள் முழுக்க வால்வு கசிகிறதா என்று பார்க்கிறவன் பையைச் சும்மா விடுவானா? குளியலறை ஷவருக்கு அடியில் அதைத் தொங்கவிட்டு, ஒரு தாலுகாவுக்குக் காணும் தண்ணீரை அதன் தலையில் கொட்டி, உள்ளே வைத்த செய்தித்தாளில் ஒரு எழுத்துகூட நனையவில்லை என்று கண்ட பிறகுதான் அவன் மனசு ஆறியது.

இத்தனை அமர்க்களமும் மூன்று நாளைக்கு. பத்து வயது மகள் ஜானவியை அவனுடைய முன்னாள் மனைவி பத்மப்ரியா கிறிஸ்துமஸ் விடுமுறையில் விட்டுத்தர ஒப்புக்கொண்ட மூன்றே நாள். ஜனவரி பிறந்ததும் அம்மாவும் பெண்ணும் கனடாவுக்குப் போகிறார்கள். வேலை அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, வீடும் அங்கே. "திரும்பி எப்போ?" என்று கேட்டதற்குப் பத்மப்ரியா "பாக்கலாம்" என்றாள். அந்த ஒரு சொல்லில் கதவு, தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் இருந்தது.

விவாகரத்து ஆனதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய், பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வருகிற அப்பா அவன். இந்த மூன்று நாளில் அவளுக்கு மறக்க முடியாத மாதிரி ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் நினைவில் அவன் கடைசிவரைக்கும் ஒரு மசால் தோசையாகவே இருந்துவிடுவான்.

ஆகவே திட்டம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக மறையூர். அங்கே கரும்புச்சாறு காய்ந்து வெல்லமாவதைப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி தூக்கம். பிறகு மூணாறு. அங்கிருந்து ஏசுதாஸின் ஜீப்பில் வட்டவடை. அதற்கு மேல் ஜீப் கிடையாது. ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கேரட் பாத்திகளுக்கு நடுவே நடந்து, ஏசுதாஸின் மச்சினன் நிலத்தில் கூடாரம் போட்டு, குளிரில் ஒரு ராத்திரி.

ஏசுதாஸ் மூணாற்றில் ஜீப் ஓட்டுகிறவர், தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். போனில் சத்தமாகப் பேசினால்தான் மலைக்குக் கீழே கேட்கும் என்று நம்புகிறவர்.

"சார், மாட்டுப்பட்டியில புல்லு பூரா வெள்ளையா உறைஞ்சு கெடக்கு சார்! பிள்ளைக்குக் குல்லா, கையுறை எல்லாம் எடுத்துட்டு வாங்க. மத்ததுக்கு நான் இருக்கேன்லா!"

இந்தச் செய்தி கல்பாத்தியிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய்ச் சேரும்போது உருவமே மாறிவிடும்.

"ஜானு, மாட்டுப்பட்டில காலம்பற பசுவைக் கறந்தா நேரா ஐஸ்கிரீமா வரதாம். கோன் மட்டும் நாம கொண்டுபோனா போறும்."

"அப்பா, எனக்குப் பத்து வயசு."

"வட்டவடைல ஒரு கேரட்டைப் பிடுங்க ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் இழுக்கணும், இன்னொருத்தன் அவன் குழிக்குள்ள விழாம இடுப்பைப் பிடிச்சுக்கணும்."

"நான் எந்த ஆள்?"

"நீ கேரட்டு."

அந்தப் பக்கம் சிரிப்பு வரும். சின்னச் சிரிப்பு, மூக்கால் விடுகிற காற்று அளவுதான். அது போதும் அவனுக்கு, மறுநாள் முழுக்க வால்வுகளெல்லாம் கசியாமல் இருக்கும். ஆனால் போனை வைத்ததும் வேறொன்று வந்து உட்காரும். போனில் ஐந்து நிமிஷம் கோமாளித்தனம் பண்ணலாம். மூன்று நாள்? ஒரு கூடாரத்துக்குள், டார்ச் வெளிச்சத்தில், அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பேசுவது? போன தடவை மலம்புழைக்குக் கூட்டிப்போனபோது, அணையின் மேல் முழு நீளமும் நடந்தார்கள். அவள் "ம்" என்றாள். அவனும் "ம்" என்றான். திரும்பி வரும்போது "போலாமா?" என்றாள். அவ்வளவுதான் அன்றைய உரையாடல். அணையில் தண்ணீர் அதைவிடச் சரளமாகப் பேசியது.

அந்தப் பயத்தை அவன் பைக்குள்ளேயே அமுக்கி, மேலே இன்னொரு ஸ்வெட்டரை வைத்து மூடினான்.

அடுத்த தடை அக்கா. பர்வதம் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள், ஆனால் குரல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் குடியிருக்கும். ஆவணியில் இவர்களுடைய அப்பா முத்துசுவாமி காலமானார். அமர்நாத் ஒரே ஆண் பிள்ளை. வருஷம் திரும்புகிறவரை அவன் மாதாமாதம் அப்பா போன திதியில் மாஸ்யம் என்கிற மாதத் திவசம் பண்ண வேண்டும்; மலை ஏறக் கூடாது.

"வருஷத் தீட்டுக்காரன் மலை ஏறப்படாதுன்னு நோக்குத் தெரியாதாடா அமரு?"

"அது கோவில் மலைக்கு அக்கா. இது வட்டவடை. அங்க சாமி கிடையாது, முட்டைக்கோஸ்தான்."

"சாமி இல்லாத மலை எங்கடா இருக்கு?"

"இருக்கு. ஜீப்பு போறது."

பர்வதம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். தம்பியின் காதோரம் நரைத்திருந்ததையும் பார்த்திருக்க வேண்டும். பிறகு நேந்திரங்காய் வாங்கக் கிளம்பிவிட்டாள். மறுநாள் அவள் சமையலறையில் வறுபட்ட உப்பேரி, மூணாறு, மறையூர், வட்டவடை மூன்று ஊருக்கும் கல்யாணம் பண்ணப் போதும்.

கூடாரத்தைத் தெருவிலேயே விரித்துப் பரீட்சை செய்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "தேருக்கு வந்த வளைக்கடைக்காரன் இன்னும் போகலையாடா?" என்று ஒரு மாமா கேட்டார். இன்னொருவர் உள்ளே நுழைந்து, படுத்துப் பார்த்து, கண்ணயர்ந்தே போனார். காபி கொடுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலை கோயம்புத்தூர் போய்ப் பெண்ணைக் கூட்டி வர வேண்டியதுதான் பாக்கி. அப்போது போன் வந்தது. நூரணி வாத்யார், குடும்பத்துப் புரோகிதர்.

"அமரு, நாளன்னிக்கு அப்பா மாஸ்யம். காலம்பற வந்துடறேன். தர்ப்பை நான் கொண்டு வரேன், எள்ளு மாத்திரம் வாங்கி வெச்சுடு."

"நாளன்னிக்கா? அடுத்த வாரம் இல்லையோ?"

"அடுத்த வாரம் வரது நட்சத்திரம்டா. நமக்குத் திதிதான் கணக்கு."

 ஒவ்வொரு மாதமும் அக்கா சொல்வாள், அவன் செய்வான். இந்த ஒரு மாதம், பயணத்தோடு மோதக் கூடாதே என்று தானே பார்த்தான். தொழிற்சாலைச் சுவரில் தொங்குகிற மலையாளக் காலண்டரில் அப்பா போன நட்சத்திரம் எங்கே விழுகிறது என்று தேடி, பக்கத்தில் இருந்த மலையாளி நண்பர்களையும் கேட்டு உறுதி செய்துகொண்டான். அவர்கள் தங்கள் வழக்கப்படி நட்சத்திரம் பார்த்துத்தான் சொன்னார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. "நான் பாத்தாச்சு அக்கா, அடுத்த வாரம்தான்" என்று அக்காவிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். அவளும் உப்பேரி மும்முரத்தில் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. மூன்று தலைமுறையாக மலையாளத்தோடு சேர்ந்து குடித்தனம் பண்ணியதில் அவனுக்குள் எது யாருடைய வழக்கம் என்கிற வரப்பே அழிந்து போயிருந்தது.

வாத்யாரிடம் "சரி" என்றான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, பத்மப்ரியாவை அழைத்தான்.

"ப்ரியா, நாளைக்கு வர முடியாது. அப்பா மாஸ்யம். ஒரே பிள்ளை, வேற வழியில்லை."

"நிச்சயமா சொல்றியா, அமர்? இந்த மூணு நாள்தான் இருக்கு. அப்புறம் எனக்கு மாத்த முடியாது."

"நிச்சயமா."

"சரி. அப்போ நாங்க நாளைக்கே சென்னை போறோம். அண்ணா ஆத்துல இருந்துட்டு அங்கேர்ந்தே ஃப்ளைட்."

போனை வைத்ததும் அவன் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. பரீட்சை தள்ளிப்போன பையனுக்கு இறங்குமே, அது. அதற்கு வருத்தம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஏசுதாஸுக்கும் சொன்னான்.

"அதனாலென்ன சார், பிள்ளை பெருசாகி வரட்டும். மலை எங்க ஓடிரப் போவுது?" என்று கத்தினார் ஏசுதாஸ்.

சாயங்காலம் கோவிலிலிருந்து வந்த பர்வதம் விஷயத்தைக் கேட்டாள். கையிலிருந்த விபூதியை நெற்றியில் வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

"வாத்யார்கிட்ட கேட்டயா?"

"என்ன கேக்கறது? மாஸ்யம்னா மாஸ்யம்தானே."

அவள் அவனுடைய போனைப் பிடுங்கி வாத்யாரை அழைத்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடமெல்லாம் நிறைந்தது.

"அடடா, கொழந்தை காரியமா? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? அடுத்த மாஸ்யத்தோட சேத்துப் பண்ணிட்டா தீந்துது. துபாய்ல இருக்கறவா ஆறு மாசத்தை ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போறா, பகவான் ஒண்ணும் கோச்சுக்கலையே!"

பர்வதம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தம்பியின் மடியில் போட்டாள். "என்னையும் கேக்கலை, அவரையும் கேக்கலை. அப்பா இருந்திருந்தா உன்னை விறகுக்கட்டையாலயே அடிச்சு ஜீப்புல ஏத்திருப்பார். அவர் பேரைச் சொல்லியாடா கொழந்தையை அனுப்பிச்சே?"

அவன் மறுபடி கோயம்புத்தூரை அழைத்தான். பத்மப்ரியா கோபப்படவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"டிக்கெட் போட்டாச்சு அமர். அவகிட்டயும் சொல்லியாச்சு. கொழந்தைகிட்ட இல்லேன்னு சொல்லிட்டு, மறுபடி ஆமான்னு சொல்லி... வேண்டாம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. பைலேர்ந்து துணியெல்லாம் எடுத்து சூட்கேஸ்ல வெச்சா. நாளைக்கு மத்தியானம் ரயில். வேணும்னா ஸ்டேஷனுக்கு வா."

அவன் போனான். வாளையாறு வரைக்கும் மலைகள் பக்கத்திலேயே வந்தன. அவன் பார்க்கவில்லை. கோயம்புத்தூர் ஜங்ஷனில் அன்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், தமிழ்நாட்டு ஜனத்தொகை முழுக்க விடுமுறைக்கு ரயில் ஏற வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண்ணைக் கண்டுபிடிக்க அவன் கண்ணை இரண்டு தடவை துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பத்மப்ரியா அவர்களைத் தனியே விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று சொல்லி, பாட்டில் விற்காத பக்கமாகப் போனாள்.

"சாப்டியா?" என்றான்.

"ம்."

"கனடால பனிக்கரடி எல்லாம் பஸ்ல ஸ்டாண்டிங்லதான் வருமாம். நமக்கு சீட் குடுத்துட்டு..."

"அப்பா."

அவன் நிறுத்தினான்.

"அத்தை காலம்பற போன் பண்ணினா. அழுதா. கேட்டிருந்தா எல்லாரும் போன்னு சொல்லியிருப்பாளாம். நீ ஏம்ப்பா கேக்கலை?"

அவனிடம் பதில்கள் இருந்தன. திதி, நட்சத்திரம், காலண்டர், ஒரே பிள்ளை என்று ஒரு கூடை. எதை எடுத்தாலும் அவள் "எனக்குப் பத்து வயசு" என்பாள் என்று தெரிந்தது. ஒலிபெருக்கி மூன்று மொழியில் ரயில் வருவதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"கேட்டா, போன்னு சொல்லிடுவாளோன்னு பயம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, கணக்குப் போடுகிறபோது வருகிற சுருக்கம் புருவத்தில் இருந்தது.

"என்கூட வரதுக்கா?"

"மூணு நாள் உன்னோட என்ன பேசறதுன்னு தெரியலை, ஜானு. போன்ல வேடிக்கை பண்ணிடலாம். நேர்ல எனக்கு ஒண்ணும் வராது."

ரயில் வந்தது. பெட்டிகள், கூலிகள், ஆளை ஆள் தள்ளுகிற அவசரம். பத்மப்ரியா பாட்டில் இல்லாத கையோடு திரும்பி வந்து, சூட்கேஸை ஏற்றி, பெண்ணை ஏற்றி, அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜானவி கதவருகே நின்றாள். அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருந்துது" என்றாள். "நான் நிறைய யோசிச்சு வெச்சிருந்தேன், கேக்கறதுக்கு."

"என்ன யோசிச்சே? கேளு, இப்பவே கேளு."

"இப்போ முடியாதுப்பா. அதெல்லாம் அந்த மலைல வெச்சுக் கேக்கறது."

வண்டி நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான், பிறகு கொஞ்சம் ஓடினான். ஒன்றையாவது சொல் என்று கேட்டான். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. பத்மப்ரியா அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாத்யார் வந்தார். பயணம்தான் இல்லையே, உரிய நாளிலேயே மாஸ்யத்தைப் பண்ணிவிடலாமே என்றார். அமர்நாத் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். ஒரு இடத்தில் மூன்று தலைமுறைப் பெயர் வந்தது. அப்பா, தாத்தா, அவருடைய அப்பா. வாத்யார் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். அவன் விரலிலிருந்த தர்ப்பையைத் திருகிக்கொண்டிருந்தான். பர்வதம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லு அமரு" என்றார் வாத்யார். "உங்கப்பா பேர்தான். சொல்லு."