சீதாவின் அறையில் முளைப்பாரி

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. யார் சொன்ன பொய் என்பதைப் பிறகு சொல்கிறேன், தைரியம் வந்தால்.

முதல் தொடக்கம்: 'கேமரன் மலையில் பனி இறங்கிய...' சே, காலண்டர் படம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ருக்குமணியின் ஆறு வயது மகள் சீதாவுக்கு இரத்தப் புற்றுநோய். 1983-இல் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, முடி கொட்டிய தலையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை, கூட்டம் சேர்க்காதீர்கள் என்றார்கள். (இது நிற்கட்டும்.)

2
ருக்குமணி சொன்னதைக் கேட்கிற மனுஷி. தொழிலாளர் லயத்து வீட்டு உள்ளறையில் பிள்ளையை வைத்து, ஜன்னலைச் சாத்தி, பக்கத்து வீட்டாரை வாசலோடு அனுப்பினாள்.

மாரியம்மன் திருவிழா வந்தது. மகளுக்காக முளைப்பாரி நேர்ந்திருந்தாள். சட்டியில் மண்ணும் மக்கிய சாணமும் போட்டு, நவதானியம் விதைத்து, இருட்டில் ஈரத்தில் வளர்க்க வேண்டும். அந்த வீட்டில் அப்படி இடம் உள்ளறைதான். தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸர் சுகுமாரனிடம் கேட்டாள்.

"சாமி காரியம்தானே, வைங்க லா," என்றார்.

(இந்தச் சுகுமாரனை எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவனாக்கவும் வரவில்லை.)

ஒன்பது நாளும் சீதா சட்டிக்குப் பக்கத்தில் படுத்து, முளையை விரலால் அளந்தாள். ருக்குமணிக்குப் பூரிப்பு. சட்டி விளிம்பில் பூத்த சாம்பல் பூஞ்சையை முந்தானையால் துடைத்துவிட்டாள். பாரியைக் கோயிலுக்குத் தூக்க வேண்டிய பத்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், இருமினால் இரத்தம்.

3
டவுன் டாக்டர், பிள்ளையோடு கூட வந்திருந்த சுகுமாரனிடம் இங்கிலீஷில் கேட்டார்: பிள்ளைக்குப் பக்கத்தில் மண், சாணம், செடி ஏதாவது இருந்ததா? ருக்குமணி புரியாமல் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இல்லை என்றார் சுகுமாரன். தான்தான் வைக்கச் சொன்னது என்று தெரிந்தால் வேலை போய்விடும்.

வேறு கிருமிக்கு ஊசி போட்டார்கள். நுரையீரலில் பூஞ்சை என்று கண்டுபிடிக்க ஐந்து நாள். அதற்கான மருந்து ஏறத் தொடங்கியபோது சீதா

[ஆறு வருடமாக இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.]

4
முடிவு அ: சுகுமாரன் உண்மையைச் சொல்கிறார், சீதா பிழைக்கிறாள். எழுதினேன், கிழித்தேன்.

முடிவு ஆ: சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள். எனக்கு வேண்டிய முடிவு இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.

சுகுமாரன் நான்தான். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்.

5
ருக்குமணி நேற்று கிளினிக்குக்கு வந்தாள். "டிரெஸரய்யா, பாரிய பாதியில விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேனே, அதுக்குத்தானே ஆத்தா எம்புள்ளய எடுத்துக்கிட்டா? வேற ஒண்ணும் இல்லல்ல?"

ஆமாம் என்றால் காலத்துக்கும் அவள் சாமிக் குற்றவாளி. உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டியைத் தூக்கி மகள் தலைமாட்டில் வைத்த கை அவளுடையது.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்று மறுபடி வாசலில் நிற்கிறாள். என்னால் முடியவில்லை, நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.