விட்டுப்போன சத்தம்

மாடி வீட்டுத் தையல்காரர் காலி செய்துகொண்டு போன அன்று கட்டில், பீரோ, தையல் மிஷின், பாத்திர மூட்டை, துடைப்பம் வரைக்கும் வண்டியில் ஏற்றிவிட்டார்; சத்தத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல முடியாது. அன்று மழை, வண்டிக்காரன் அவசரப்படுத்தினான், வீட்டு ஓனர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். மறுநாள் காலை, கீழ் வீட்டுக் கிரேன்காரர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, இனிமேல் நமக்கு நிம்மதிதான் என்று காலை நீட்டிப் படுத்தார். கண் செருகுகிற நேரத்தில் தலைக்கு மேல் தையல் மிஷின் கடகடத்தது. பின்னாலேயே நாற்காலி இழுபட்டது, ஒரு தட்டு விழுந்து சுற்றிச் சுற்றி அடங்கியது, மூன்று வயதுப் பிள்ளையின் குதிகால்கள் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திடுதிடுவென்று ஓடின. ஓனரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து பார்த்தார்கள். சுவரில் ஓர் ஆணி, மூலையில் தீர்ந்துபோன நூல்கண்டு, அவ்வளவுதான். அந்த வெற்று வீட்டுக்குள் சத்தம் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஓனர், "வாடகை குடுக்காம உள்ள குடியிருக்கறது யாருப்பா?" என்று வாசலில் நின்றபடியே அதட்டினார். பதில் வரவில்லை என்றதும் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

தையல்காரரை விரட்டியது கிரேன்காரர்தான் என்பது தெருவுக்கே தெரியும். அவர் பேரிலும் நியாயம் உண்டு. வார்ப்பட ஆலையில் உருகின இரும்பைக் கொப்பரையோடு தூக்கி, ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோய், அச்சுக்கு நேராக நிறுத்துகிற வேலை அவருக்கு. கூரையை ஒட்டின கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்பவன் கையைப் பார்த்தே இயக்க வேண்டும். கீழே நிற்பவன் அவர் மனைவியின் தம்பி. விரலை மடக்கினால் இறக்கு, விரித்தால் நிறுத்து. அந்த விரலைப் பார்க்கிற கண் ஒரு நொடி மூடினால் கீழே இருப்பவன் கதி என்ன என்று ஆலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பகலில் தூங்கினால்தான் ராத்திரியில் அந்தக் கண் திறந்திருக்கும். அதனால் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார், மூங்கில் கழியால் கூரையை இடித்தார், கடைசியில் ஓனரின் காலைப் பிடிக்காத குறையாக மன்றாடி அந்தக் குடும்பத்தைக் கிளப்பினார். ஆள் போனால் சத்தம் போகும் என்று அவரும் நினைத்தார், ஓனரும் நினைத்தார்.

மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் எவரும் ஒரு வாரம் தங்கவில்லை. ஒரு குடும்பம் தங்கள் பாத்திரச் சத்தத்தையும் பழைய பாத்திரச் சத்தத்தையும் பிரித்தறிய முடியாமல் சண்டை போட்டுக்கொண்டு போனது. பிறகு வீடு பூட்டியே கிடந்தது. கிரேன்காரர் காதில் பஞ்சு வைத்தார், மெழுகு வைத்தார், தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டார். சத்தம் கட்டில் கால் வழியாக ஏறி முதுகெலும்பில் வந்து தைத்தது. தரையில் படுத்தால் சுவர் வழியாக இறங்கியது. பேருந்து நிலையத்து பெஞ்சில் தூங்கப் போனார். காவலர் தட்டி எழுப்பினார். ஆலையில் துணி மாற்றும் அறையில் ஒதுங்கினார். மேஸ்திரி பிடித்து எச்சரித்தார். பகல் ஷிப்ட் கேட்டதற்கு, ராத்திரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். வேறு வீடு தேடினால், பகலெல்லாம் தூங்குகிறவர் என்று கேட்டதும் ஓனர்களின் முகம் சுருங்கியது. திருடனோ என்று நினைத்தார்கள். மனைவி வீட்டுக்குள் குழாயைத் திறப்பதில்லை, தாளிப்பதில்லை, தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினாள். இப்படியே மூன்று வருஷம் ஓடிற்று. அவர் கன்னம் ஒட்டி, பேச்சு குளறி, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எதற்குப் பிசைந்தோம் என்று யோசிக்கிற நிலைக்கு வந்தார். மேலே அந்தக் குழந்தையின் கால்கள் மட்டும் சலிக்கவே இல்லை.

அப்புறம்தான் அது நடந்தது. கொப்பரை நிறைய இரும்புக் குழம்போடு கிரேன் நகர்ந்துகொண்டிருக்கையில் அவர் தலை ஒரு முறை முன்னால் சாய்ந்தது. ஒரே ஒரு முறைதான். கொப்பரை ஊஞ்சல் மாதிரி ஆடி, விளிம்பு தாண்டிச் சிந்திய இரும்பு மச்சினன் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரையைத் தின்றது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது மச்சினன் சத்தம் போடவில்லை. டீ வாங்கி அவர் கையில் கொடுத்தான்.

"மாமா, நான் அக்காகிட்ட சொல்லல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன். என்ன பண்ணணுமோ இன்னைக்கே பண்ணிடுங்க."

டீயைக் கொட்டிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், தையல்காரரைத் தேடிக் கிளம்பினார். துணிக்கடை துணிக்கடையாக விசாரித்து, ஊரின் மறு கோடியில் ஒரு சந்தில் கண்டுபிடித்தார். தையல்காரரின் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"இங்கயும் சத்தம் கேக்குதுன்னு சொல்ல வந்தீங்களாண்ணே?"

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். உள்ளே தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, ஓசை இல்லை. ஆறு வயதுப் பெண் ஒன்று படியிலிருந்து குதித்தது. பஞ்சு விழுந்த மாதிரிகூட இல்லை. பேச்சு மட்டும்தான் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது, கையும் காலும் செய்கிற எதற்கும் சத்தம் கிடையாது. அந்தப் பெண் ஒரு தடவை தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து தத்தளித்திருக்கிறாள். தாய் இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள், தண்ணீர் தெறித்து நனைத்த பிறகுதான் திரும்பியிருக்கிறாள். அன்றிலிருந்து தாய் படுப்பதில்லை. மூச்சுச் சத்தமும் கேட்காது என்பதால் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக் கிரேன்காரர் அடையாளம் கண்டுகொண்டார். தன் முகத்தில் தினமும் பார்க்கிற கருப்பு அது.

"உங்க சத்தம் எங்க வீட்டு மேலதான் இருக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றார். தையல்காரர் சிரித்தார். "எப்படிண்ணே, சாக்குல கட்டியா?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சாக்கையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

குடும்பத்தோடு வந்து மாடியைத் திறந்தார்கள். தையல்காரர் உள்ளே கால் வைத்ததும் அவர் செருப்பு சத்தம் போட்டது. அவர் மனைவி நாற்காலி இருந்த இடத்தில் போய் நின்று ஓவென்று அழுதாள். ஆனால் பழைய சத்தம் வீட்டை விட்டு வர மறுத்தது. கடைசிப் படி இறங்கியதும் அவர்களை விட்டுவிட்டு மாடிக்கே ஏறிப்போனது; சாக்கில் ஒன்றும் தங்கவில்லை. இனி ஒரே வழிதான். கிரேன்காரர் ஓனரிடம் போய் அவர்களை மறுபடி குடிவைக்கச் சொன்னார். "வெரட்டுன்னு அழுததும் நீதான், கூப்புடுன்னு அழுவுறதும் நீதான். ஒனக்கு என்னதான்யா வேணும்?" என்றார் ஓனர். கிரேன்காரர் சொன்னார்: "ஆள் இல்லாத சத்தத்துகிட்ட நான் எதைச் சொல்லிக் கெஞ்சறது? ஆள் இருந்தா கெஞ்சவாவது செய்யலாம்."

அந்த வாரமே அவர்கள் வந்துவிட்டார்கள். மிஷினின் சத்தம் மிஷினுக்குள் போய்ச் சேர்ந்தது, தட்டின் சத்தம் தட்டுக்குள். தையல்காரர் பொழுது சாய்ந்த பிறகு மிதிப்பதென்று வைத்துக்கொண்டார், அவர் மனைவி நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினாள். அவள் மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் தூங்கினாள். ஒன்று மட்டும் சேரவில்லை. மூன்று வயதுக் குதிகால்களின் ஓட்டம் ஆறு வயதுக் கால்களுக்குப் பொருந்தவில்லை. அந்தப் பெண் போட்டுப் பார்த்தாள், கழன்று விழுந்தது. அவள் கால்களுக்குச் சில நாளில் புதுச் சத்தம் முளைத்தது. பழையது கூடத்தில் தனியாக ஓடிக்கொண்டேயிருந்தது. ஓனர் அதையும் ஓர் ஆளாகத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கப் பார்த்தார், தண்ணீர் குடிக்காத ஆளுக்கு என்ன கணக்கு என்று தெருவே சிரித்ததால் விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை கிரேன்காரர் வந்து படுத்த நேரத்தில் அந்தக் கால்கள் தலைக்கு மேலே கிளம்பின. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்போது மாடியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. தன்னைவிடச் சின்னவளை அதட்டுகிற குரல்.

"ஏய் பாப்பா! மெதுவா ஓடு. கீழ மாமா தூங்கறாங்க."

ஓட்டம் நின்றது. கொஞ்சம் பொறுத்து, நுனிக்காலில், சுவர் ஓரமாக, மறுபடி தொடங்கியது. கிரேன்காரர் அது அந்தக் கோடிக்குப் போகிறவரை கேட்டார். திரும்பி வந்ததைக் கேட்கவில்லை.