குதிரைமேல் இருப்பவன்

1

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பத்திரிகை ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, என் கதையிலிருந்து ஒருத்தியை அகற்ற அனுமதி கேட்டார்.

"ராஜா பிரமாதம்மா! ஆனா அந்தக் கயிறு திரிக்கிற பொம்பள வேகத்தைக் கெடுக்கறா. எடுத்துடலாமா?"

"அவ ஊரைத்தானேப்பா அவன் கொளுத்துறான்?"

"கொளுத்தட்டும்மா. அவ இல்லாமயே கொளுத்தலாமே."

அவளுடைய கணவன் கோட்டைவாயில் காவலன். வாயிலில் நின்ற அனைவரையும் வெட்டச் சொன்னவன் அந்த அரசன். வாசகர் அவனை வெறுக்கவேண்டும் என்பதற்காகவே கதையை எழுதினேன். மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "விடியலில், வெண்குதிரையின்மேல், அவன்—"

(அடித்துவிட்டேன். கொலைக்குப் புறப்பட்டவனின் குதிரையைக் குளிப்பாட்டி நிறுத்தியது யார்? நான்தான்.)

இரண்டாம் தொடக்கம்: "மூவாயிரம் பேரைக் கொன்ற அக்கொடியவன்—"

நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த மருமகள் நிமிர்ந்தாள்.

"மூவாயிரமா! அடேங்கப்பா, அத்தை!"

மூன்று பேர் என்று எழுதியிருந்தால் காவல்துறையைக் கூப்பிடச் சொல்லியிருப்பாள்.*

* "ரோடெல்லாம் போட்டிருப்பாரே, அத்தை" என்றும் சொன்னாள். கதையில் சாலையே இல்லை. நான் போடாத சாலையை அவனுக்காக இவள் போட்டாள். மரியாதை விகுதியையும் சேர்த்தே கொடுத்தாள்.

3

கொடுமையைக் கூட்டக் கூட்ட அவன் அழகனானான். பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். கதையின் கண்ணை நான் குதிரைமேல் வைத்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஊர் வரைபடம்போல் ஒழுங்காகத் தெரியும். புகைகூட நேர்த்தியாக எழும். கீழே நிற்பவர்களுக்கு முகம் இராது.

கண்ணைக் கீழே இறக்கினேன். கயிற்றுக்காரி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கணவன் வீடு திரும்பவில்லை. கதவிடுக்கில் தெரிவது குதிரையின் வயிறும் ஒரு காலணியும் மட்டுமே. பாதி திரித்த கயிற்றை அவள்—

மருமகளின் விரல்கள் நின்றன.

"அந்தாளு உள்ள வந்துடுவானா, அத்தை?"

விகுதி தானாகவே உதிர்ந்திருந்தது. நான் திருத்தவில்லை.

4

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ஆசிரியரிடம் தெரிவித்தேன்.

"ராஜாவை எடுத்துட்டேன். காலணி மட்டும் இருக்கு."

"காலணியை யாரும்மா அட்டையில போடுவா?"

இறுதியில் முடிவானது இது: கதை அந்த இதழில் வராது. கயிற்றுக்காரி நீக்கப்படமாட்டாள். அவள் கணவன் திரும்பினானா என்பதை நான் எழுதப்போவதில்லை. அறிய விரும்புவோர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கலாம். இடம் குறைவு. அரசனின் வீரத்தைப் பற்றி அங்கே பேசக்கூடாது.