ஏழாம் கல்

நாலு வருடமாக, பாதிரியார் ஃபியோனா அந்தச் சாபத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் என் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் எங்கள் ஆஷ்கோம்ப் கிராமத்தில் வருடாவருடம் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் ஊரெல்லையைச் சுற்றி நடப்போம். ஆளுக்கொரு வில்லோ மரக் குச்சி. எல்லையில் பத்தொன்பது கற்கள், ஒவ்வொன்றையும் குச்சியால் அடிக்க வேண்டும். பிறகு யாராவது ஒருவரைத் தூக்கி, கல்லின் தலையில் அவர் பின்பக்கம் படும்படி ஒரு குத்து குத்தி இறக்க வேண்டும். வலித்தால்தான் கல் இருந்த இடம் மறக்காது என்று நம்பிய காலத்துப் பழக்கம் அது. கடைசியாக, எல்லைக் கல்லைப் பெயர்க்கிறவன் நாசமாகட்டும் என்று ஃபியோனா வாசிப்பார், நாங்கள் ஆமென் சொல்வோம். நானும் சொல்வேன். ஏழாம் கல்லைப் பெயர்த்தவளே நான்தான்.

என் பெயர் பெரில். ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் பத்து வருடமாகச் செயலாளர். மேற்கு வயலில் இருநூற்றுப் பத்து வீடுகள் வரப்போகின்றன என்றதும் எதிர்த்துக் கத்தியவர்களில் என் தொண்டைதான் பெரியது. வானம்பாடிகளை விரட்டிவிட்டு, அந்தக் குடியிருப்புக்கு ‘வானம்பாடி மேடு’ என்று கூச்சமில்லாமல் பெயரும் வைத்தார்கள். அந்த வயலில் நின்ற ஏழாம் கல்லைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாப்போம் என்று கட்டுகிறவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நான் நம்பவில்லை. திங்கட்கிழமை மண்வாரி இயந்திரம் வருகிறது என்று தெரிந்ததும், முந்தைய நாள் ஞாயிறு மதியம், ஊரே வறுத்த இறைச்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, நானும் என் கணவர் லென்னும் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகப் போனோம். லென்னுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன் என்று டாக்டரிடமும் மதுக்கடையிலும் சொல்லி வைத்தார்.

ஆரவாரம் அடங்கியதும் கல்லைத் திரும்ப நட்டுவிடலாம் என்றுதான் திட்டம். ஆனால் நாலே மாதத்தில் வயல் முழுவதும் ஒரே மட்டமாகிவிட்டது. கல் எங்கே நின்றது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இடம் தெரியாத எல்லைக் கல் வெறும் கல்தானே. அதைத் தோட்டத்தில், எழுத்து செதுக்கிய பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, மேலே குருவிகள் குளிக்கும் தொட்டியை வைத்தேன். சங்கத்தில் எல்லோரும் கொதித்தபோது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அது போதாதென்று, ஊர் வரலாற்றுக் கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ‘ஏழாம் கல் வீடு கட்டியவர்களின் அலட்சியத்தால் அழிந்தது’ என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பழி விழுந்தது மண்வாரி ஓட்டிய கேரத்தின் தலையில். வேல்ஸ்காரன், நாற்பது வயது. வேலை முடிந்ததும் அதே குடியிருப்பில் பதினாலாம் எண் வீட்டை வாங்கிக் குடிவந்தான். மதுக்கடையில் அவன் நுழைந்தாலே யாராவது, “வாசப்படிக் கல்லை எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்கப்பா, கேரத் வந்துட்டான்” என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். எல்லைக் கோடு அவனுடைய சமையலறை வழியாகப் போவதால், போன இரண்டு மே மாதமும் பின்வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு வரிசையாக உள்ளே போய், தரையைக் குச்சியால் மெல்லத் தட்டிவிட்டு முன்வாசல் வழியாக வெளியேறினோம். எல்லோருக்கும் தேநீரும் பழக் கேக்கும் கொடுப்பான். எனக்கு அந்தக் கேக் தொண்டையில் இறங்கியதே இல்லை.

இந்த வருடம் அவன் எங்களைப் பின்தோட்டத்திலேயே நிறுத்தினான்.

“பூட்ஸைக் கழட்டாதீங்க. இங்க ஒரு வேலை இருக்கு.”

புல்லில் ஒரு குழி வெட்டியிருந்தது. பக்கத்தில் துணி போர்த்திய ஏதோ ஒன்று. துணியை எடுத்தான். புதுக் கல். கொத்தனிடம் சொல்லிச் செய்தது, ஏழு என்று பளிச்சென்று செதுக்கியிருந்தது.

“இதே எடம்தான்” என்றான். “வேலி போடறவனுங்க வர்றதுக்குள்ள அவசரப்பட்டு வண்டியை எறக்கிட்டேன். ரெண்டு வாரு வாரினதும் குழியைப் பாத்தேன். கல்லக் காணோம். மண்ணோட மண்ணா லாரியில போயிருச்சு. வயல் ஓரத்து ஓக் மரத்துலேர்ந்து அளந்து குறிச்சு வெச்சுக்கிட்டேன், அவ்ளோதான் செய்ய முடிஞ்சுது. நீங்கள்லாம் வெளையாட்டுக்குச் சொல்றீங்க, ஆனா நெசமாவே நான்தான் ஒடச்சேன். அதான், வேற கல்லு.”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எடுத்த பிறகு வெறுமையாகக் கிடந்த குழியை அவன் பார்த்திருக்கிறான், தன் கைதான் செய்தது என்று நம்பியிருக்கிறான்.

லென் என் விலாவில் இடித்தார். “பெரில், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“கேரத்” என்றேன். “உடைச்சது நீ இல்ல. அந்தக் கல்லு எங்க தோட்டத்துல இருக்கு. நீ வர்றதுக்கு முந்தின நாளு நான்தான் தோண்டி எடுத்துட்டுப் போனேன்.”

கைதட்டல் நின்றது.

“அந்தக் குருவித் தொட்டிக்கு அடியிலயா?” என்றார் ஃபியோனா. “கடவுளே, போன கோடையில என் ஒயின் கிளாஸை அதுமேல வெச்சேனே!”

கேரத் என்னையே பார்த்தான். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

“அப்ப நான் ஒடைக்கலையா?”

“இல்ல.”

“நெசமா?”

“ஒரு கீறல்கூட இல்லப்பா. முழுசா இருக்கு.”

அவன் புதுக் கல்மேல் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை, அவனுக்கே தெரிந்திருக்காது.

“நாலு வருசமா எந்த வேலைக்குப் போனாலும், மண்ணுல கை வெக்கறதுக்கு முன்னாடி கீழ எறங்கி ஒரு சுத்து நடந்து பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்கறேன். கூட இருக்கறவனுங்க எனக்குக் கிறுக்குங்கறானுங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இப்போது கோபம் வந்திருந்தது. “செயலாளரம்மா, உங்களைக் கடிச்சுத் துப்பணும் போல இருக்கு.”

“துப்பு. முப்பத்தொன்னாம் பக்கத்தையும் மாத்தறேன். என் பேரைப் போட்டே எழுதறேன்.”

“எழுதுங்க. பெரிய எழுத்துல.” பிறகு லென்னிடம் திரும்பினான். “வாங்க, என் வேன்ல போய்த் தூக்கிட்டு வந்துரலாம். நீங்க தூக்க வேணாம், வழி மட்டும் காட்டுங்க. உருளைக்கெழங்கு மூட்டை கதை இப்பத்தான் வெளங்குது.”

அரைமணி நேரத்தில் கல் வந்தது. கேரத்தே குழியில் இறக்கினான். கல் தன் பழைய மண்ணில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. இத்தனை வருடமாக அரை மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது குச்சிகளும் கல்லை அடித்துத் தீர்த்தன.

ஃபியோனா புத்தகத்தைத் திறந்தார்.

“இருங்க பாதிரியாரம்மா” என்றான் கேரத். “நடுவுல ஒண்ணு பாக்கி இருக்கே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அறுபத்தேழு வயது. கேரத் அக்குளைப் பிடித்தான், ஃபியோனா கால்களைப் பிடித்தார். மெதுவாகவெல்லாம் குத்தவில்லை.

“எடம் ஞாபகம் இருக்குமா?” என்றான்.

“சாகற வரைக்கும்.”

ஃபியோனா சாபத்தை வாசித்தார். நான் தலையை நிமிர்த்தி, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

“திருப்பிக் கொண்டாந்து வெச்சவங்களுக்கு என்னன்னு அதுல போட்டிருக்கா?” என்று கேட்டான் கேரத்.

ஃபியோனா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். “ஒண்ணும் போடல.”

“அப்ப கேக்குதான்” என்று உள்ளே போனான்.

புதுக் கல் இப்போது எங்கள் குருவித் தொட்டிக்கு அடியில் நிற்கிறது, எழுத்துப் பக்கம் வெளியே தெரிய. அன்றைக்கு அவன் சமையலறையில் எல்லோரும் சாக்ஸோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே இரண்டு துண்டு கேக் தின்றேன்.