துக்கப் பொறுப்பாளர்

எங்கள் தலைமையாசிரியர் மாசிலாமணி சார் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்வந்த திங்கட்கிழமை, மனைவியை இழந்த தம் துக்கத்தை எனக்கு ஒதுக்கினார்.

சுற்றறிக்கையில் அது நான்காவதாக இருந்தது. முழங்கால் வலி உடற்கல்வி ஆசிரியர் இருதயராஜுக்கு. கோபம் கணக்கு டீச்சர் ஹாஜிராவுக்கு. சர்க்கரை நோய் அறிவியல் சாருக்கு. அன்றிலிருந்து அவர் டீயில் சர்க்கரை போடுவதில்லை. துக்கம் எனக்கு வந்தது நியாயம்தான். நான் ஓவிய ஆசிரியை, வாரத்தில் பதினான்கு பாடவேளைதான். மரக்கன்று நடுவதானாலும், வரவேற்புப் பலகை எழுதுவதானாலும், மிஞ்சிய வேலையெல்லாம் என் தலையில்தான் விடியும். எல்லோரும் கையெழுத்திட்டோம். இருதயராஜ் கையெழுத்திட்டுவிட்டு நொண்டிக்கொண்டே மைதானத்துக்குப் போனார்.

"தலைமைப் பொறுப்புல இருக்கறவன் எல்லாத்தையும் தானே சுமக்கக் கூடாதாம் டீச்சர்," என்றார் சார். "டிரெய்னிங்ல மூணாவது நாள் பூரா இதைத்தான் சொன்னாங்க. பிரிச்சுக் குடுக்கணும். குடுத்துட்டா திரும்பிப் பாக்கக் கூடாது."

ஒப்படைப்பு அவர் அறையில் நடந்தது. அந்த அம்மாவின் பெயர் மரகதம். பங்குனியில் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனார். காப்பியை ஆறவைத்துத்தான் குடிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும், திரும்பும்போது மாட்டிக்கொள்ள வசதியாகச் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். இப்படி ஒன்பது விவரங்கள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று கேட்டார், சார் நாளைக்குப் பார்க்கலாம் என்றார், என்பது ஒன்பதாவது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் கையெழுத்திட்டதும் சரியாகிவிட்டது.

நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. செவ்வாய், வியாழன் ஆறாம் பாடவேளையைத் துக்கத்துக்கென்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. சும்மா கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வாரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது வந்தது. சீவியது பாதியில் நின்றது.

ஆடி மாதத்துக்குள், யாரும் சொல்லாத விவரங்களும் எனக்குத் தெரியத் தொடங்கின. மாந்தளிர்ப் பச்சை அவருக்குப் பிடிக்கும். தோசை வார்க்கும்போது முதல் தோசையைத் தானே தின்றுவிடுவார், அது சரியாக வராது என்பதால். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். "டீச்சர், இன்னைக்கி அந்தம்மாவா? அப்ப நாங்களே கட்டம் போட்டுக்கறோம்," என்று சொல்லிவிட்டுச் சத்தம் போடாமல் வரைவார்கள்.

சாருக்கு நல்ல காலம். இரவு எட்டு மணி நேரம் தூங்கினார். மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினார். கழிப்பறையில் தண்ணீர் வந்தது, தேர்ச்சி விகிதம் ஏறியது. பள்ளி நன்றாக நடந்ததை நான் மறுக்க மாட்டேன்.

பங்குனியில் முதல் வருடத் திதி வந்தது. முறைப்படி நான்தான் அவர் வீட்டுக்குப் போய் முன்னால் உட்கார்ந்தேன். மரகதத்தின் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கக்காவ இப்படி நெனைக்க உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு!" என்று அழுதாள். சார் இலை இலையாகப் போய் வடை வைத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். நல்ல நிர்வாகம். பிறகு மாலை போட்ட படத்துக்கு முன்னால், யாரோ கொடுத்த விண்ணப்பத்தைப் படிப்பவர் போல வெகுநேரம் நின்றார்.

நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார்.

"டீச்சர், அவ எப்படிச் சிரிப்பா?"

"மொதல்ல ஒரு இருமல் வரும் சார். அப்புறந்தான் சிரிப்பு."

சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்தார்.

"எழுதிட்டேன். ஆனா ஒண்ணும் ஆகலையே டீச்சர்," என்றார்.

மறுநாளே என்னை அறைக்கு அழைத்துத் துக்கத்தைத் திருப்பிக் கேட்டார். எனக்குக் கொடுக்க மனமில்லை. நான் தனி ஆள். எனக்கு யாரும் செத்ததில்லை, சாகும் அளவுக்கு யாரும் இருந்ததுமில்லை. முதன்முதலாக எனக்கென்று, இல்லாமல்போன ஒருவர் இருந்தார். அதை எப்படிக் கொடுப்பது?

விதி என் பக்கம் இருந்தது. சார் பயிற்சி மையத்துக் கருத்தாளருக்குப் போன் போட்டார். பொறுப்பை மேலிருந்து கீழே மட்டும்தான் பகிரலாம், கீழிருந்து மேலே போனால் அதற்குப் பெயர் புகார் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கு வெளியே இருப்பவருக்கும் கொடுக்க முடியாது. சாருக்கு மே மாதம் ஓய்வு. பொன்னாடை போர்த்தினோம், குழுப் புகைப்படம் எடுத்தோம். துக்கம் என்னிடமும் முழங்கால் வலி இருதயராஜிடமும் இருக்க, சார் விறுவிறுவென்று நடந்து கேட்டைத் தாண்டிப் போனார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை வரிசையில் சார் நின்றுகொண்டிருந்தார். சந்தன நிறச் சட்டை, அரக்கு நிறக் கால்சட்டை. ஐந்தாம் வகுப்பு முடித்த சான்றிதழுக்குப் பழைய பள்ளியில் நகல் வாங்கி வந்திருந்தார். புதிய தலைமையாசிரியை சரிபார்த்து, ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் சேர்த்துக்கொண்டார். வரிசை எண் முப்பத்தெட்டு.

இப்போது அவர் எனக்குக் கீழே இருந்தார்.

மூன்று வாரம் நான் கொடுக்கவில்லை. இலை வரையச் சொன்னேன், பானை வரையச் சொன்னேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒழுங்காக வரைந்தார். ஒவ்வொரு வியாழனும் ஆறாம் பாடவேளையில் தலை தூக்கி என்னைப் பார்ப்பார். மாணவன் என்பதால் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நான்காவது வாரம் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேசைக்கு அழைத்தேன். ஒன்பது விவரங்கள் என்னிடம் நூற்றுப் பன்னிரண்டாகப் பெருகியிருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று, திருப்பிச் சொன்னார். முதல் தோசை வந்ததும் அவர் உதடு துடித்தது. ஜன்னலோரக் கட்டிலைக் கடைசியாக வைத்திருந்தேன்.

"கையெழுத்துப் போடு," என்றேன்.

போட்டார். தன் இடத்துக்குப் போய், ஓவிய நோட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒன்றே கால் வருடத்தையும் சேர்த்து அழுதார். பக்கத்துப் பிள்ளைகள் அவருக்கும் சேர்த்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் பட்டியலை மறுபடி படித்தேன். யாரோ ஒருவருடைய மனைவியைப் பற்றி எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. எனக்கும் அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் யாருக்காக என்று தெரியவில்லை.

மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சார் எழுந்து நின்று சுண்டு விரலை நீட்டினார்.

"டீச்சர், வெளிய போய்ட்டு, அப்படியே மூஞ்சி கழுவிட்டு வரட்டுங்களா?"

"போய்ட்டு சீக்கிரம் வா," என்றேன்.